மேவிஸின் டீயும் மூன்றாம் படிக்கட்டு மாடமும்

மேவிஸ் டாகெட் வாயைத் திறந்தால் பாதி பொய். மீதிப் பாதி உண்மை, ஆனால் அதை யாரும் நம்புவதில்லை. அந்த மீதிப் பாதியால்தான் அவள் கடையே போகப் பார்த்தது.

நான் லென். கெல்ஸ்மவுத் என்ற கடலோர ஊரில், கடற்சுவரின் கீழ் நடைபாதையில் சாய்வு நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். முப்பத்தேழு வருஷமாக என் நாற்காலி அடுக்குக்கும் மேவிஸின் டீக்கடைக்கும் நடுவே நாலடி தூரம். கல்யாணம் செய்துகொண்டிருந்தால்கூட ஒரு பெண்ணின் பேச்சை இவ்வளவு நேரம் கேட்டிருக்க மாட்டேன். அதனால் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. மறுப்பவர்கள் அவள் டீயை ஒரு கோப்பை முழுதாகக் குடித்துவிட்டு வந்து பேசட்டும்.

அந்த டீயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்குப் பெரிய தகரப் பானையில் தூளைப் போடுவாள். பிற்பகல் மூன்று மணிக்கும் அதே தூள் அதே பானையில் கொதித்துக்கொண்டிருக்கும். குறைந்தால் தண்ணீர் ஊற்றுவாள். நிறம் வெளுத்தது போலத் தெரிந்தால் மேலும் தூள் போடுவாள். பழைய தூளை வெளியே எடுக்கும் பழக்கம் அவளிடம் கிடையாது. படகுக் கயிற்றை ஊறவைத்த தண்ணீர் போல இருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். ஒரு வாய் குடிப்பார்கள். "அருமை மேவிஸ்" என்பார்கள். கோப்பையோடு சாவகாசமாகப் படிக்கட்டில் ஏறுவார்கள். பதினோராம் படியில் சுவர் வளைகிறது. அங்கே அவள் கண்ணுக்கு மறைந்ததும், மழைத் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் ஓட்டையில் மீதியை ஊற்றிவிடுவார்கள். பிறகு இறங்கி வந்து காலிக் கோப்பையைப் பலகையில் வைப்பார்கள். ஐம்பது வருஷ வழக்கம் இது. அந்த ஓட்டைக்குக் கீழே சுவரில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கறை இறங்கியிருக்கிறது.

யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தப்பான பல்லைப் பிடுங்கிய மருத்துவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வருகிற ஊர் எங்களுடையது.

மேவிஸுக்கோ தன் டீயைப் பற்றி அசைக்க முடியாத பெருமை. அதற்கு அவளிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தார்.

"என் சிரில் ஒரு நாளைக்கு மூணு கோப்பை குடிச்சான். முப்பத்தாறு வருஷம்! ஒரு நாள் ஒரு குறை சொன்னதில்ல. ஒரு சொட்டு மிச்சம் வெச்சதில்ல. டீன்னா என்னன்னு அவனுக்குத் தெரியும்" என்பாள். அப்படிச் சொல்லும்போது என்னைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பாள், எனக்கு அது தெரியாது என்பது போல.

சிரில் டாகெட் நகரசபையின் கடற்சுவர்க் கொத்தனார். வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நண்டு பிடிக்கிறவரின் மகளான மேவிஸ் இருபத்து மூன்று வயதில் அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் பேசாமல் விட்ட இடத்தையெல்லாம் இவள் நிரப்பினாள். மறுவருஷமே, கடற்கரைக்கு இறங்கும் மூன்றாம் படிக்கட்டின் அடியில், சுவரை ஒட்டி, மரத்தால் ஒரு கடை போட்டாள். கடலிலிருந்து நேராக அடிக்கிற காற்றில் அவள் மண்ணெண்ணெய் அடுப்பு ஒரு நாளைக்கு இருபது தடவை அணைந்தது. அவளும் ஒரு நாளைக்கு இருபது தடவை சிரிலிடம் முறையிட்டாள்.

1968 ஜனவரியில் அடித்த புயலில் மூன்றாம் படிக்கட்டருகே சுவர் பத்தடி நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. விக்டோரியா மகாராணி காலத்தில், 1884-இல் கட்டிய சுவர். விழுந்த கல்லையே மணலிலிருந்து பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, சுண்ணாம்புச் சாந்தில் அதனதன் இடத்தில் திரும்ப வைப்பதுதான் எங்கள் ஊர்க் கொத்தனார்களின் வேலை முறை. புதுக் கல், சிமென்ட் என்று பேச்செடுத்தால் அடிக்க வருவார்கள். மே மாதம் சிரில் எல்லாக் கல்லையும் திரும்ப வைத்தார். ஆறு கல்லை மட்டும் வைக்கவில்லை. அந்த இடத்தில் முழங்கை ஆழத்துக்கு ஒரு மாடம் விட்டார். மேலே வளைவு, வளைவின் நடுவே ஆப்புக்கல், மழைத் துளி உள்ளே வராதபடி விளிம்பில் சின்னதாக ஒரு இறக்கம். மேவிஸின் அடுப்பு அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றிலிருந்து அணையவில்லை. கண்டும் காணாமல் இருந்ததற்காக மேஸ்திரிக்கு ஆயுசு முழுக்க இலவச டீ என்று மேவிஸ் வாக்குக் கொடுத்தாள். அந்த மனிதர் மறுவருஷமே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படித்தான் மேவிஸ் சொல்வாள். எனக்கே சந்தேகம்தான். நான் வந்தது 1979-இல். அந்த மாடம் அப்போதே அங்கே இருந்தது, கரி படிந்து, சுவரோடு பிறந்தது போல. சிரிலிடம் ஒரு தடவை கேட்டேன். "ம்" என்றார். அந்த வாரத்துக்கு அவருடைய பத்தாவது வார்த்தை அதுவாக இருந்திருக்க வேண்டும்.

சந்தேகத்துக்கு நான் மட்டும் காரணமில்லை. வெளியூர்க்காரர்களுக்குக் காது குத்துவதென்றால் மேவிஸுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. சுவரில் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. படகு கட்ட நகரசபை எழுபத்து மூன்றில் அடித்தது. அதில் ஒரு சர்க்கஸ் யானையைக் கட்டி உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள் என்று மேவிஸ் சொல்வாள். யானையின் பெயர் ஆகஸ்டா என்பாள். அதற்கு மூட்டுவலி என்பாள். மூன்றாம் படிக்கட்டின் ஏழாம் படி கொஞ்சம் தணிந்திருக்கும். ஒரு குண்டு நகரசபை உறுப்பினர் வழுக்கி உட்கார்ந்ததில் இறங்கியது என்பாள். கேட்டவர்கள் படியைத் தொட்டுப் பார்த்து, பாவப்பட்டு, இன்னொரு டீ வாங்கி, பதினோராம் படிக்குப் போவார்கள்.

சிரில் 2004-இல் இறந்தார். அதற்கு அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார் திரு. லாஸ்டர்பி. ஹம்ஃப்ரி லாஸ்டர்பி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கடலே இல்லாத ஊரிலிருந்து வந்து, கடற்சுவர் நண்பர்கள் கழகம் என்று ஒன்று தொடங்கி, தானே தலைவரானார். சுழன்றடிக்கும் காற்றிலும் டை கட்டுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சுவரை அவர் நேசித்ததில் பொய்யில்லை. நேசித்ததோடு நிறுத்தாமல் புத்தகமும் போட்டார் என்பதுதான் குறை. ஒன்பதாம் பக்கத்தில் ஆகஸ்டா யானை, மூட்டுவலியோடு. பன்னிரண்டாம் பக்கத்தில் குண்டு உறுப்பினர். பதினைந்தாம் பக்கத்தில் நம் பழுப்புக் கறை. "இரும்புச் சத்து மிகுந்த கல்லுக்கு இது அரிய எடுத்துக்காட்டு." அதைப் படித்துவிட்டு ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. யாராவது அவரிடம் சொன்னார்களா? எங்கள் ஊரிலா?

குளிர்காலத்தில் மேவிஸ் கடையைப் பிரித்து அடுக்கி வைத்துவிடுவாள். 2016 பிப்ரவரியில் ஒரு நாள் நாயோடு நடந்துபோன லாஸ்டர்பி அந்த வெற்றுச் சுவருக்கு முன் நின்றுவிட்டார். நாய் இழுத்தும் நகரவில்லை. பத்து வருஷம் அதைக் கடந்து போனவர்தான், அன்றைக்குத்தான் கண் திறந்தது. வளைவு, ஆப்புக்கல், உள்ளே கரி! விக்டோரியா காலத்து விளக்கு மாடம் என்று முடிவு கட்டினார். அந்தியில் கடல் குளியல் முடித்துக் கரையேறும் சீமாட்டிகளுக்கு வழி காட்ட விளக்கு வைத்த மாடமாம். தலைநகரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். அவர் மழையில் பத்து நிமிடம் நின்று, கல் பழசு, சாந்து சுண்ணாம்பு என்று தலையாட்டிவிட்டு ரயிலேறினார். போதாதா?

கழகம் தீர்மானம் போட்டது, நகரசபையும் ஒப்புக்கொண்டது. மாடத்தில் மறுபடி விளக்கு. பக்கத்தில் பித்தளைத் தகடு. பாதுகாக்கப்பட்ட சுவரின் அரிய பகுதியை மறைக்கும் மரக்கடைக்கு அனுமதி ரத்து. மே மாத முதல் சனிக்கிழமை விழா, அடுத்த திங்கட்கிழமை கடை அகற்றம். ஐம்பது வருஷக் கடை, அதன் அடுப்புக்காகவே கட்டிய மாடத்துக்காகப் போகப் போகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. மேவிஸின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மார்ச்சில் நகர மண்டபத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. மேவிஸ் தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். லாஸ்டர்பி பேசி முடித்ததும் எழுந்தாள்.

"அந்த மாடத்தை என் புருஷன் கட்டினான் சார். அறுபத்தெட்டுல. என் அடுப்பு அணையாம இருக்கறதுக்கு."

மண்டபம் சிரித்தது. ஆசையாகத்தான் சிரித்தார்கள், அதுதான் கொடுமை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "யானையைக் கட்டினதும் அவர்தானா மேவிஸ்?" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"ரொம்ப அழகான கதை திருமதி டாகெட்" என்றார் லாஸ்டர்பி. "என் அடுத்த பதிப்புல கண்டிப்பா சேர்த்துக்கறேன்."

"கதை இல்ல சார். நானே நின்னு சாந்து குழைச்சுக் குடுத்தேன்."

"அம்மா, அந்த வளைவைப் பாருங்க. அந்த ஆப்புக்கல் உட்கார்ந்திருக்கற அழகைப் பாருங்க. நகரசபைச் சம்பளத்துக்கு வேலை பார்த்த கையா அது? அந்தக் காலத்து மகா சிற்பி யாரோ செஞ்சது. இப்ப யாருக்கு அந்தக் கை வரும்?"

மேவிஸ் வாயைத் திறந்தாள், மூடினாள், உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தேழு வருஷத்தில் அவள் பேச்சற்றுப் போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஏன் மேவிஸ் விட்டுட்ட? இன்னும் நாலு போட வேண்டியதுதானே?"

"எப்படிப் போடறது லென்? அந்த ஆளு என் சிரிலையில்ல புகழறான். மகா சிற்பியாம். அதைப் போய் எந்த வாயால மறுக்கறது?" என்று மூக்கைச் சிந்தினாள்.

ஏப்ரலில் வழக்கம்போல் கடையைப் போட்டாள், கடைசி ஐந்து வாரத்துக்கு. ஒரு நாள் மதியம் கூட்டமில்லை. அடுப்பை மாடத்திலிருந்து வெளியே இழுத்துவிட்டு, உள்ளே பின்கல்லைக் கரண்டிக் காம்பால் தட்டினாள். டொக் டொக் என்று கேட்டது.

"கேட்டியா? உள்ள காலியா இருக்கு. சிரில் ஜாடி வெச்சான்."

எனக்கு உடனே புரிந்தது. இந்தச் சுவரின் கொத்தனார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பகுதியை மூடினாலும் கடைசிக் கல்லுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் புட்டியோ ஜாடியோ வைப்பார்கள். அதில் அன்றைய செய்தித்தாளும் கட்டியவர் கைப்பட எழுதிய நாலு வரியும் இருக்கும். இதுவரை மூன்று கிடைத்து, நூலகத்தில் வைத்திருக்கிறார்கள்.

"பின்ன என்ன மேவிஸ்! போய்ச் சொல்லு. திறந்தா தேதி வந்துடுமே!"

"சொன்னா நம்புவாங்களா? நான் உண்மை சொன்னா சிரிப்பாங்கன்னு பார்த்தேல்ல." கரண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பொய் சொன்னாத்தான் புத்தகத்துல போடறாங்க. அதனால ஒரு பொய்யைச் சொல்லித் திறக்க வைக்கப் போறேன்."

"அப்புறம்? பழசு இல்லன்னு தெரிஞ்சா மாடத்தையே கல்லு வெச்சு அடைச்சிடுவாங்க. சுவர் முன்னால எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கறதுதான் அவங்க கொள்கை."

இதை அவள் யோசிக்காமலில்லை. கொஞ்ச நேரம் கரிபிடித்த வளைவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சும்மா இருந்தா மாடம் நிக்கும், கடை போயிடும். திறந்தா ரெண்டும் போனாலும் போகும். ஆனா எவனோ பேர் தெரியாத சிற்பி கட்டினான்னு பித்தளையில எழுதி வெச்சுட்டு, அதை நான் தினம் பார்த்துக்கிட்டுப் போகணுமா? முடியாது லென். எங்க சிரில் கட்டினது அது."

"ஜாடியில அவர் என்ன எழுதியிருக்கார்?"

"யாருக்குத் தெரியும்? கேட்டேன். 'உனக்கில்ல' அப்படின்னான். அதோட சரி. என்னைப் பத்தித்தான் ஏதாவது நல்லதா எழுதியிருப்பான். நேர்ல சொல்றதுக்குக் கூச்சம்."

மறுநாள் லாஸ்டர்பி விளக்குக்கு அளவெடுக்க வந்தார். மேவிஸ் அவருக்கு ஒரு டீ கொடுத்து, குரலைத் தணித்துக்கொண்டு ஆரம்பித்தாள். நான் நாற்காலித் துணியைத் தைப்பது போலப் பக்கத்தில் நின்றேன்.

"சார், அன்னைக்கு மண்டபத்துல உளறிட்டேன். மன்னிச்சுக்கோங்க. உண்மையைச் சொல்லிடறேன். எங்க அத்தை ஒருத்தி சொல்லுவா, இங்க ஒரு விளக்குக்காரர் இருந்தாராம். எபினேசர்னு பேரு. ஒத்தைக் கண்ணு."

"ஒத்தைக் கண்ணா?" லாஸ்டர்பி சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"ஆமா சார். ஒரு சீமாட்டி மேல அவருக்கு ஆசை. சொல்ல முடியல. எல்லாத்தையும் ஒரு காகிதத்துல எழுதி, இந்தப் பின்கல்லுக்குப் பின்னால வெச்சு மூடிட்டாராம். பாவம் சார், அதைத் திறக்கக் கூடாது. அவர் மனசு வேதனைப்படும்."

லாஸ்டர்பி குடைக் காம்பால் பின்கல்லைத் தட்டினார். டொக் டொக். அவர் காது சிவந்தது. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டார் என்றால் எந்த நிலையில் இருந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். "அருமை திருமதி டாகெட், அருமை" என்று சொல்லிக்கொண்டே படியேறினார். பதினோராம் படியில் நிற்கக்கூட இல்லை.

"எபினேசருக்கு எதுக்கு ஒத்தைக் கண்ணு?" என்று கேட்டேன்.

"ரெண்டு கண்ணும் இருந்தா நம்ப மாட்டாரு கண்ணு" என்றாள் மேவிஸ்.

விழா நாள் வந்தது. காலை பதினோரு மணி, குறுக்காக அடிக்கும் தூறல், பிளாஸ்டிக் மழைக்கோட்டில் முந்நூறு பேர். ஊர் வாத்தியக் குழுவின் ஊதுகொம்புக்குள் மழை விழுந்து அது தண்ணீரில் கொப்பளிப்பது போல ஊதியது. மேயர் அம்மாள் பதக்கச் சங்கிலியோடு நனைந்துகொண்டு நின்றார். உள்ளூர்ப் பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்திருந்தார். மேவிஸ் கடையில் அடுப்பைக் கீழே இறக்கி வைத்து, பானை நிறைய டீ போட்டு வைத்திருந்தாள், விருந்தினர்களுக்கு இலவசமாக. கடையின் பக்கவாட்டுப் பலகையை முன்னமே கழற்றியிருந்ததால் மாடம் எல்லோருக்கும் தெரிந்தது.

லாஸ்டர்பி துணியை விலக்கினார். தகட்டில் இரண்டு வரி. "விளக்கு மாடம், 1884" என்பது முதல் வரி. "கட்டியவர் எண்ணிய பயனுக்கே மீட்கப்பட்டது" என்பது இரண்டாவது. கைதட்டினோம். பிறகு அவர் ஒற்றைக் கண் எபினேசரைப் பற்றிப் பேசினார். எபினேசருக்கு இதற்குள் ஒரு மரக்காலும் முளைத்திருந்தது. அது மேவிஸ் கொடுத்ததல்ல, அவரே சேர்த்துக்கொண்டது. கொத்தனார் ஒருவர் உளியால் சாந்தைச் சுரண்டிப் பின்கல்லை வெளியே எடுத்தார். லாஸ்டர்பி உள்ளே கைவிட்டு, நல்ல துணியில் சுற்றிய ஒன்றை வெளியே எடுத்துப் பிரித்தார்.

ஊறுகாய் வெங்காய ஜாடி. சிவப்புத் தகர மூடி.

முன்வரிசையில் நின்றவர்களுக்கு மூடி தெரிந்துவிட்டது. மளிகைக் கடையில் நேற்றுகூட வாங்கியிருப்பார்கள். லாஸ்டர்பியும் பார்த்தார். ஆனால் புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கிவிட்டார், மேயர் புன்னகையைத் தயாராக வைத்திருந்தார், முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூடியைத் திருகினார். செய்தித்தாளின் மேல் ஒரு மடித்த காகிதம் இருந்தது. அதைப் பிரித்து, தலைமையாசிரியர் குரலில் படிக்க ஆரம்பித்தார்.

"'இதைத் திறக்கறவங்களுக்கு. நான் சிரில் டாகெட், சுவர்க் கொத்தனார். இன்னைக்கு 1968 மே பதினொண்ணு. இந்த மாடத்தை...'"

குரல் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. கடல்காகம் ஒன்று மட்டும் எதையோ கேட்டுக் கத்தியது. மண்டபத்தில் யானையைப் பற்றிக் கேட்டவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் காலணியைத்தான் பார்த்தேன், எனக்கும் சந்தேகம் இருந்ததே.

"படிங்க சார்" என்றாள் மேவிஸ். "பாதியில நிறுத்தாதீங்க. அவன் பேசறதே அபூர்வம்."

லாஸ்டர்பி நினைத்திருந்தால் காகிதத்தை மடித்துப் பையில் போட்டிருக்கலாம். மழை, காற்று என்று காரணமும் இருந்தது. அந்த மனிதர் அப்படிச் செய்யவில்லை. அதற்காகவே அவரைப் பற்றி இதுவரை எழுதியதில் கொஞ்சத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"'இந்த மாடத்தை என் மனைவியோட அடுப்பு காத்துல அணையாம இருக்கறதுக்காகக் கட்டினேன். வேற காரணம் இல்ல. நீங்க யாரா இருந்தாலும், அவ கடை இருந்தா ஒரு கோப்பை டீ வாங்கிக் குடிச்சுட்டுப் போங்க. டீ...'"

மறுபடி நின்றது. லாஸ்டர்பி காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து மேவிஸைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

"படிங்க."

"'டீ நல்லா இருக்காது. நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். அவ சந்தோஷப்படறதைப் பார்க்கணும், அதுக்காக இதைவிட மோசமானதையும் குடிக்கலாம்.'"

ஐம்பது வருஷமாக முந்நூறு பேர் கட்டிக்காத்த ரகசியம். செத்துப்போய்ப் பன்னிரண்டு வருஷமான ஒரு மனிதர், வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசியவர், முச்சந்தியில் போட்டு உடைத்துவிட்டார். யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மேயர் சங்கிலியைத் திருகிக்கொண்டிருந்தார். மேவிஸ் பானைக்குப் பின்னால் நின்றாள். அவள் கன்னத்தில் இருந்தது மழையா என்று எனக்குத் தெரியவில்லை, அவள் கூரைக்கு அடியில் நின்றிருந்தாள்.

முதலில் நகர்ந்தவர் மேயர். கடைக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஊதுகொம்புக்காரர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் வரிசையில் நின்றுவிடுவார்கள், அது தானாகவே நடக்கும். வரிசை இரண்டாம் படிக்கட்டுவரை போயிற்று. கடைசி ஆளாக நின்றவர் லாஸ்டர்பி.

ஒவ்வொருவரும் வாங்கினார்கள். ஒவ்வொருவரும் குடித்தார்கள். "அருமை மேவிஸ்." "அருமை மேவிஸ்." மேவிஸ் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தாள், யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அன்றைக்குப் பதினோராம் படிக்கு ஒருவரும் போகவில்லை.

லாஸ்டர்பியின் முறை வந்தது.

"திருமதி டாகெட், நான் உங்ககிட்ட..."

"முதல்ல குடிங்க சார்."

குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். "அருமை" என்றார். கண்ணில் நீர் வந்தது, டீயாலும் இருக்கலாம்.

"இப்ப அந்தத் தகட்டுல இருக்கற ரெண்டாவது வரியைக் கொஞ்சம் படிங்க. எனக்குக் கண்ணாடி இல்ல" என்றாள் மேவிஸ். அவள் கண்ணாடி அவள் மூக்கின்மேல்தான் இருந்தது.

"கட்டியவர் எண்ணிய பயனுக்கே மீட்கப்பட்டது" என்று மெதுவாகப் படித்தார். படித்து முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு தானே குனிந்து, கீழே இருந்த அடுப்பைத் தூக்கி, மாடத்துக்குள் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. "திங்கட்கிழமை யாரும் வர மாட்டாங்க. நகரசபைக்கு நான் எழுதிக்கறேன்" என்றார்.

தகட்டை மாற்றக் கழகத்திடம் வசதியில்லை. முதல் வரியின்மேல் மேவிஸ் தன் கோப்பை துடைக்கும் துணியைத் தொங்கவிட்டிருக்கிறாள். இன்றுவரை அங்கேதான் தொங்குகிறது.

எல்லோரும் போனபின் அவள் வந்து என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள், வாடகை கொடுக்காமல். காகிதம் மடியில் இருந்தது. நம்பாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

"ஊர்க்காரங்க ஊத்தறது எனக்குத் தெரியும் லென்" என்றாள்.

"என்னது?"

"சுவத்துல அவ்வளவு பெரிய கறை. நான் என்ன குருடியா? இரும்புச் சத்துக் கல்லாம்!" கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அவங்களுக்கெல்லாம் டீயைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சேன். ஏன்னா சிரில் குடிப்பான். என் எதிர்லயே நின்னு குடிப்பான். நான் பார்த்துக்கிட்டே இருப்பேன், கோப்பையில ஒரு சொட்டு இருக்காது. நாளைக்கு மூணு. முப்பத்தாறு வருஷம். பிடிக்காமலேயே குடிச்சிருக்கான் லென்."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழுவதற்கு அவகாசம் வேண்டுமே. நன்றாகத்தான் அழுதாள்.

கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன். "நாளையிலேருந்து தூளை மாத்தப் போறியா? பழசை எடுத்துட்டுப் புதுசா..."

மேவிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஏளனமாகப் பார்த்தாள், அந்தப் பழைய ஏளனம்.

"எதுக்கு மாத்தணும்? பாதுகாக்கப்பட்ட சுவர், பாதுகாக்கப்பட்ட மாடம். இந்த டீயைப் பத்தி மாடத்தைக் கட்டினவனே எழுத்துல வெச்சுட்டுப் போயிருக்கான். ஒரு துளி மாத்தினாலும் லாஸ்டர்பி மேலிடத்துக்கு எழுதிப் போட்டுடுவாரு."

எழுந்து போய், பானையிலிருந்து ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். காலை ஆறு மணித் தூள், அப்போது மணி நாலு. இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றாள்.

கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"அருமை மேவிஸ்" என்றேன்.